அடுப்புக்குத் தெரியுமா ஆள் கணக்கு?

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்குச் சிக்கனம் போதிப்போர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. மேடையிலே போதனை, வானொலியிலே போதனை, வங்கிக் கருத்தரங்கிலே போதனை, திருவிழாப் பந்தலிலே கூடப் போதனை! சிறு துளி பெரு வெள்ளம் என்பர் ஒரு சாரார். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பர் மற்றொரு சாரார். வருவாய் குறைந்தாலும் செலவு அதனை மிஞ்சாதவரை கேடில்லை என்று வள்ளுவப் பெருந்தகையையும் துணைக்கு அழைத்துக்கொள்வர் இன்னுஞ் சிலர்.

இப்போதனைகளை மறுத்துரைப்பது நமது நோக்கமன்று. ஊதாரித்தனத்துக்கு வக்காலத்து வாங்கவும் நாம் வரவில்லை. சம்பள நாளன்று சாராயக் கடையிலே கூலியைத் தொலைப்பவனைக் கண்டிக்கும் முதற்குரல் நமது குரலாகவே இருந்து வந்திருக்கிறது, இனியும் இருக்கும். ஆனால், இனிச் சுருக்குவதற்கு ஒரு சல்லியும் மிச்சமில்லாத வாழ்வின் முன்னே நின்றுகொண்டு, "இன்னும் சுருக்கு" என்று சொல்வது போதனையாகுமா, கொடுமையாகுமா? இதுவே நாம் இன்று எழுப்பும் வினா.

சென்ற மாதம் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சங்க வேலையாகச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து திரும்புகையில் லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து ஓர் அம்மையார் நம்மை அழைத்தார். வயது 52. கணவர் காலமாகி 11 ஆண்டுகள். மகள் இராகலைப் பக்கத்திலே வாழ்க்கைப்பட்டு அங்கேயே தங்கிவிட்டாள். மகன் கொழும்பிலே ஒரு கடையில் நிற்கிறான். அவன் சம்பளம் அவனுடைய சோற்றுக்கும் படுக்கைக்குமே போதாது; தீபாவளிக்கு வரும்போது தாய்க்கு ஒரு சேலை கொண்டு வருவான். அம்மையார் இன்றும் மலையேறிக் கொழுந்து பறிக்கிறார். இஸ்தோப்பிலே பலகையைப் போட்டு நம்மை அமர்த்தி, சாயத் தண்ணீர் தந்து, தமது வழக்கைச் சொன்னார்.

புதிய வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் எழுதியபோது, "தனி ஆளுக்கு எதற்கு வீடு? குடும்பக்காரர்கள் காத்திருக்கிறார்கள்" என்று அவருடைய பெயரை விட்டுவிட்டார்களாம். நிவாரணத்துக்கு மனுக் கொடுத்தபோது, "வேலைக்குப் போகிற ஒற்றை ஆள், உங்களுக்கு என்ன செலவு?" என்று கேட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு அவர் நம்மிடம் கேட்ட கேள்வி நம் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை.

"ஒத்த ஆளுக்கு என்ன செலவுன்னு கேக்குறாங்கய்யா. அடுப்புக்குத் தெரியுமா, உலை ஒத்த ஆளுக்கா நாலு ஆளுக்கான்னு?"

நீதிமன்றங்களிலே மணிக்கணக்காக வாதங்களைக் கேட்டிருக்கின்றோம். இவ்வளவு சுருக்கமான வாதத்தை, இவ்வளவு சரியான வாதத்தைக் கேட்டது அரிது.

சிக்கனத்தில் அவர் இளைத்தவரா?

அந்த அம்மையாரின் ஒரு நாளைப் பாருங்கள். மாலையிலே ஒரு தடவைதான் சோற்றுக்கு உலை. அதிலே ஒரு பங்கை நீரூற்றி வைத்து மறுநாட் காலையில் உண்பார். பகலுக்குக் கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போகும். தேங்காய் வாரத்துக்கு ஒன்று. கருவாடு சம்பள வாரத்தில் மட்டும். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு பொறுக்கிக் கட்டித் தலையிலே சுமந்து வருவார், அதுவே விறகு. காம்பராவின் பின்னே ஒரு பாத்தியிலே கீரையும் கோவாவும் உண்டு. மின்விளக்கு ஒன்றே ஒன்று. உலகத்தார் கோப்பைகளுக்கெல்லாம் கொழுந்து கொய்து கொடுக்கும் அந்தக் கைகள் தம் வீட்டிலே ஊற்றிக்கொள்வது தூள் தேயிலைச் சாயம், அதுவும் பாலின்றி.

காய்ச்சல் வந்தால் இஞ்சியும் கொத்தமல்லியும் வைத்து அடக்கிப் பார்ப்பார். ஏன்? டிக்கோயா வைத்தியசாலைக்குப் போனால் பஸ் கட்டணம் போகும். அத்துடன் அன்றைய பேரும் போய்விடும். அரசாங்க வைத்தியசாலையிலே மருந்துக்குப் பணமில்லைதான். ஆனால் மருந்தைப் போய் வாங்கிவர ஒரு நாட்கூலி வேண்டும்! வீட்டிலே இன்னொருவர் வேலைக்குப் போனாலும் அன்றைக்கு ஒரு பேராவது விழும். இவருக்கோ அந்நாளின் வரவு வெறும் பூச்சியம்.

சிக்கனம் என்பது ஒரு கலையென்றால் இவரே அதன் ஆசிரியர். இவருக்கு நாம் கற்றுக்கொடுக்க யாது உண்டு? இவரிடம் குறைவாயிருப்பது சிக்கனமன்று. இவரைக் கணக்கிலே சேர்த்துக்கொள்ளும் நியாயம்!

பங்கு போகாத செலவு

செலவுகள் இருவகைப்படும். ஒருவகை வாய்க்கணக்கில் வகுபடும். அரிசி, மா, சீனி, துணி முதலியன அத்தகையன. மற்றொரு வகை எத்தனை பேரிருந்தாலும் பங்கு போகாது. அடுப்பெரிக்கும் விறகு நான்கு பேருக்கானாலும் ஒருவருக்கானாலும் ஏறத்தாழ ஒன்றே. விளக்கு ஒன்றே. ஒழுகுகின்ற தகரத்துக்கு மாற்றுத் தகரம் ஒன்றே. குடும்பத்துக்கு இவ்வளவு என்று விதிக்கப்படும் கோயில் வரி ஒன்றே. மரண உதவிச் சங்கச் சந்தாவும், நல்லது கெட்டதற்கு எழுதும் மொய்யும் வீட்டுக்கு வீடு ஒன்றே. நால்வர் உள்ள வீட்டிலே இவை நான்காகப் பங்கு போகின்றன. தனியாள் வீட்டிலே முழுச் சுமையும் ஒரே முதுகின்மேல் விழுகிறது.

வாங்கும் முறையிலும் இதே கதைதான். கால் கிலோவாகவும் நூறு கிராமாகவும் வாங்குபவருக்கு விலை அதிகம். பாதி மூடித் தேங்காயைக் கடைக்காரர் விற்கமாட்டார். காலத்தின் கணக்கோ இன்னும் கடியது. குடும்பத்திலே ஒருவர் நீர் சுமப்பார், ஒருவர் விறகு பொறுக்குவார், ஒருவர் சமைப்பார். தனியாள் பகல் முழுதும் மலையிலே உழைத்துவிட்டு இம்மூன்று வேலையையும் இரவிலே தாமே செய்ய வேண்டும்.

இது நமது கற்பனையன்று. பொருளியல் வல்லுநர் பலநாள் முன்னரே கண்டுணர்ந்த உண்மை. மேலைநாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு நிறுவனத்தின் பெயரால் வழங்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அதன்படி வீட்டின் முதல் ஆளுக்கு 1 பங்கு. அடுத்த பெரியவருக்கு 0.5 பங்கு, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 0.3 பங்கு. தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் கொண்ட குடும்பத்துக்கு வேண்டியது தனியாளின் தேவையைப்போல் நான்கு மடங்கன்று; 2.1 மடங்கே. தலைக்கு இவ்வளவு என்று சமமாக வகுக்கும் எந்தக் கணக்கும் தனியாளை வஞ்சிக்கும் என்பது இதன் பொருள்.

நமது நாட்டின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு அவ்வாறு தலைக்கு வகுத்த கோடுதான். தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் கணக்குப்படி 2025-ஆம் ஆண்டில் அது ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 16,000 ரூபாய். நால்வருக்கு 64,000. மேலே சொன்ன அளவுகோலைக் கொண்டு திருப்பிக் கணக்கிட்டால், அந்த 64,000 ரூபாய் வாழ்வை ஒரு தனியாள் வாழ்வதற்கு வேண்டியது 16,000 அன்று. 30,000 ரூபாய்க்கும் சற்று அதிகம்!

எதிர்வாதத்தையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். அவ்வளவுகோல் செல்வ நாடுகளிலே பிறந்தது. அங்கே வருமானத்தில் உணவுக்குப் போவது சிறு பங்கு. இங்கோ உணவே பெரும் பங்கு. உணவு வாய்க்கணக்கில் வகுபடுவது. ஆகவே வித்தியாசம் இங்கே சற்றுக் குறையலாம். ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் உண்மை 16,000-க்கும் 30,000-க்கும் இடையே எங்கோ இருக்கிறதேயன்றி, 16,000-இலே நிச்சயமாக இல்லை. அந்தக் கோட்டுக்குச் சற்றே மேலான வருவாயுள்ள தனியாளை வறியவரல்லர் என்று தாளிலே எழுதிவிடலாம். அவருடைய அடுப்பு அதை ஒப்புக்கொள்ளாது.

நாட்கூலியும் நாட்களும்

வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். 2021-இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக நிர்ணயித்தது. 2024 செப்டம்பரில் அது 1,350 ஆயிற்று. 2025 நவம்பரில் பாராளுமன்றத்திலே முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அடிப்படையை 1,550 ஆக உயர்த்தி, அரசாங்கம் தரும் வருகை ஊக்கத்தொகை 200 ரூபாயையும் சேர்த்து 1,750 என்று அறிவித்தது. கேட்பதற்கு நல்ல எண்தான். அதற்காகப் பாடுபட்ட எவரையும் நாம் சிறுமைப்படுத்தமாட்டோம்.

ஆனால் மாதம் நடப்பது நாட்சம்பளத்தாலன்று, நாட்களின் எண்ணிக்கையால். அந்த 1,750 முழுமையாகக் கைக்கு வருகிறதென்றே வைத்துக்கொள்வோம். 20 நாள் பேர் விழுந்தால் 35,000. அடிப்படையில் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக மிஞ்சுவது 32,520. 15 நாள் விழுந்தால் மிஞ்சுவது 24,390. இதற்குப் பின்னரும் சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத் தவணை, தேயிலைத் தூள், கோயில் கழிவு என்று சம்பளச் சீட்டின் வலப்பக்கம் நீண்டுகொண்டே போகும். மழை மாதத்திலும் வறட்சி மாதத்திலும் கொழுந்து குறையும்; நிறை வராது; முழுப் பேர் அரைப் பேராகும். 20 நாளுக்கும் 15 நாளுக்கும் இடையிலுள்ள அந்த ஐந்து நாள்தான் தனியாளின் சோறும் பட்டினியும்.

2021-இல் 1,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டதும் தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதனோடு வேலை நாள், வேலைப்பளு ஆகியவற்றின்மீது தொழிற்சங்கங்களுக்கு இருந்த பிடியும் தளர்ந்தது. நாட்சம்பளத்தைச் சட்டம் காப்பாற்றுகிறது. நாட்களை யார் காப்பாற்றுவது?

விலைவாசியின் அடியும் தனியாள்மேல்தான் நேராக விழுகிறது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அதற்கு முந்திய மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆயிற்று. இருவர் உழைக்கும் வீட்டிலே ஒருவர் கைக்காசு வேலைக்குப் போய் ஓரளவு ஈடுகட்டினர். தனியாள் என்ன செய்வார்? ஒரு வேளை உலையை அணைத்தார். ஏற்கனவே, 2019-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலேயே நாடு முழுவதற்குமான வறுமை 14.3 சதவீதமாயிருக்க, தோட்டப் பகுதியிலே அது 33.8 சதவீதமாயிருந்தது என்பதை வாசகர்கள் மறத்தலாகாது.

பழைய கணக்கின் பாவம்

இந்த அநீதி நேற்று முளைத்ததன்று. தோட்டக் கூலியின் அத்திவாரத்திலேயே இது புதைந்து கிடக்கிறது.

1927-இல் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இயற்றப்பட்டது. 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி உயர்ந்த மலைப்பகுதியிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். சிறுவருக்கு 32 சதம். இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படியுங்கள். தகப்பனும் தாயும் பிள்ளையும் மூவரும் மலையேறினால்தான் ஒரு குடும்பம் உண்ணலாம் என்று கூலியைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தார்கள். பெண்ணின் கூலி கணவன் கூலிக்குத் துணைக்கூலி என்பது அதன் உட்கிடை. கணவனை இழந்தவள், மணமாகாதவள், கைவிடப்பட்டவள் ஆகியோர் அந்த 43 சதத்திலே ஒரு முழு அடுப்பை எரிக்க வேண்டியிருந்தது. கடையிலே அரிசிக்குப் பெண் விலை, ஆண் விலை என்று இரு விலை இருந்ததா? இல்லை. கூலியிலே மட்டும் இருந்தது. 1984-இலேதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது; அதுவும் வேலைநிறுத்தத்தின் பின்னர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கணக்கின் பிழைக்குத் தண்டம் கட்டியவர்கள் தனித்து வாழ்ந்த நமது பெண்கள்!

அண்டை நாட்டிலே என்ன நடந்தது? 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சச் சம்பளம் தேவையின் அடிப்படையிலே கணக்கிடப்பட வேண்டும் என்று ஒரு முறையை வகுத்தது. உழைப்பவர் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள்; ஓர் அலகுக்கு 2,700 கலோரி உணவு; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 யார் துணி; வீட்டு வாடகை; எரிபொருள், விளக்கு முதலிய சில்லறைச் செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். 1991-இலே அந்நாட்டு உயர் நீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே இம்முறை எல்லாத் தொழிலிலும் நிறைவேறிவிட்டதென்று நாம் கூற வரவில்லை. தேயிலைத் தோட்டம் என்று வந்ததும் அங்கும் முதலாளிமார், மனைவியும் தோட்டத்திலே உழைக்கிறாளாதலால் மூன்று அலகு வேண்டியதில்லை என்று வாதாடினர். கடல் கடந்தும் அதே வாதம்! எனினும் அங்கே ஒரு முறை எழுத்திலே இருக்கிறது. அதைக் காட்டி வழக்காடலாம். 1941-ஆம் ஆண்டின் நமது சம்பளச் சபைகள் சட்டத்திலோ அடுப்பும் விளக்கும் துணியும் கணக்கிடும் அத்தகைய முறை எழுதப்படவில்லை. பேரம் பேசுவோரின் பலமே எண்ணாகிறது.

இவர்கள் எவ்வாறு தனியாயினர்?

"தனியாகக் கிடப்பது அவரவர் தலைவிதி" என்று சிலர் கூறக்கூடும். தலைவிதியன்று, அரச விதியும் தொழில் விதியும் சேர்ந்து செய்த வேலை இது. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு பிரித்தது. எஞ்சிய 150,000 பேரும் 1974-இல் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே லயத்திலே அண்ணன் தலைமன்னாரிலே கப்பலேறினான். தங்கை இங்கே நின்றாள். அந்தத் தலைமுறையின் முதியோர் பலர் உடன்பிறந்தாரின்றித் தனித்தே மூப்படைந்தனர்.

இன்று வேறொரு பிரிவு. தோட்டக் கூலி வயிற்றுக்குப் போதாமையால் மகன் கொழும்புக் கடைக்கும், மகள் ஆடைத் தொழிற்சாலைக்கும், மருமகள் மத்திய கிழக்கு நாட்டுக்கும் போகின்றனர். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவிலே ஒரு காலத்தில் எட்டுப் பேர் நெருங்கிக் கிடந்தனர். அதே காம்பராவிலே இன்று ஒருவர், சுவரைப் பார்த்தபடி. ஆட்கள் போய்விட்டனர், அடுப்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. ஆனால் தோட்டமும் திணைக்களமும் இன்றும் "குடும்பம்" என்ற ஒரே சொல்லைக்கொண்டே கணக்கெழுதி வருகின்றன.

முதுமைக்கு யார் பொறுப்பு?

அம்மையாருக்கு வயது 52 என்றோம். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வு வயது 60. ஓய்வு பெறுகையில் 1983-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் உரியது. கடைசியாகப் பெற்ற சம்பளமே அளவு. 30 ஆண்டு உழைத்தவருக்கு 1,350 ரூபாய் கணக்கில் 567,000 ரூபாய். பெரிய தொகையெனத் தோன்றும். அதனை 20 ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதம் 2,400 ரூபாயும் தேறாது. வறிய முதியோர்க்கான 5,000 ரூபாய்க் கொடுப்பனவோ 70 வயதைத் தாண்டினால்தான். 60-க்கும் 70-க்கும் இடையிலே பத்து ஆண்டு. பிள்ளைகள் அருகிலிருந்தால் அந்தப் பத்தாண்டைத் தாண்டலாம். தனியாளுக்குச் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் விட்டால் வேறு பாலமில்லை. அப்பணம் ஒரு மாதம் தாமதித்தாலும் அவருக்கு அது வெறுந் தாமதமன்று, பட்டினி.

அதோடு இன்னோர் அச்சமும் அவரை வாட்டுகிறது. "வேலை முடிஞ்சதும் காம்பராவைக் கேட்டா எங்கய்யா போவேன்?" என்றார். தோட்டத்திலே பேர் பதியும் பிள்ளை ஒருவராவது இருந்தால் காம்பரா குடும்பத்தின் கையிலே தங்கும் என்பது வழக்கம். தனியாளுக்கு அந்தப் பிடியும் இல்லை. இவ்விடத்தே சட்டம் தெரிந்தவர்கள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 1971-ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்பு விசேட ஏற்பாடுகள் சட்டப்படி, தோட்டக் குடியிருப்பிலே வசிப்பவரை நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்ற முடியாது. துரையின் வாய்ச்சொல் நீதிமன்றக் கட்டளையாகாது. கணக்கப்பிள்ளையின் மிரட்டலும் ஆகாது. இதை ஒவ்வொரு லயத்திலும் உள்ள தனியாட்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் கேட்பது யாது?

குடும்பத்தோடு தனியாளை மோதவிடுவது நமது கருத்தன்று என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். இருவர் உழைத்து நால்வர் உண்ணும் குடும்பமும் வறுமைக்கோட்டின் அருகிலோ கீழேயோதான் தத்தளிக்கிறது. மேலே தந்த எண்களை இரட்டித்துப் பார்த்தால் எவருக்கும் இது புலனாகும். குடும்பத்தின் தட்டிலிருந்து எடுத்துத் தனியாள் தட்டிலே போடச் சொல்லவில்லை. ஆளைக் காணாத கணக்கைத் திருத்தச் சொல்கிறோம்.

முதலாவது: சம்பளச் சபை நாட்சம்பளத்தை நிர்ணயிக்கும்போது, ஓர் ஆள் ஓர் அடுப்பை எரித்து மாதம் முழுதும் வாழ என்ன வேண்டும் என்பதைப் பொருள் பொருளாகக் கணக்கிட்டு வெளியிட வேண்டும், அந்தக் கணக்கையே பேரத்தின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். இரண்டாவது: மாதத்துக்கு இத்தனை நாள் வேலை என்பது சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும். நாட்களுக்கு உறுதியில்லாத நாட்சம்பளம் அடியில்லாப் பானை. மூன்றாவது: 2015-க்குப் பின் வேகம் பெற்ற, ஏழு பேர்ச் நிலத்திலே தனி வீடு என்னும் திட்டமாயினும், அதன்பின் வந்த எத்திட்டமாயினும், தனித்து வாழும் ஆணும் பெண்ணும் ஒரு குடும்பமாகவே கொள்ளப்பட்டு, அவர்தம் சொந்தப் பெயரிலே உறுதி எழுதப்பட வேண்டும். நான்காவது: அஸ்வெசும நிவாரணம் குடும்பத்தை அலகாகக் கொண்டது. அதற்குத் தகுதி பார்க்கும்போது தனியாள் வீட்டின் பங்கு போகாத செலவையும் எடைபோட வேண்டும். ஐந்தாவது: பணிக்கொடை சட்டம் விதித்த 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டும், தவறினால் சட்டம் விதிக்கும் மேலதிகத் தொகையைத் தொழில் திணைக்களம் தவறாது அறவிட வேண்டும்.

இவை பிச்சையல்ல. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இம்மலைகளைப் பச்சையாக்கிய உழைப்பின் பாக்கி.

நம் வீட்டுக் குறை

மற்றவரைக் குறைகூறிவிட்டு நமது முதுகைப் பாராதிருத்தல் முறையன்று. தொழிற்சங்கங்களாகிய நாமும் இத்தனை காலம் "குடும்பங்கள்" என்றே எண்ணி வந்திருக்கிறோம். தோட்டத்திலே எத்தனை பேர் தனித்து வாழ்கின்றனர் என்று கேட்டால் எந்தத் தோட்டத் தலைவராவது பேரேட்டைப் புரட்டிப் பதில் சொல்ல முடியுமா? வீட்டுப் பட்டியலிலே அம்மையாரின் பெயர் விடுபட்ட நாளன்று அங்கே நமது சங்கப் பிரதிநிதியும் இருந்தார் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இம்மாதமே தனித்து வாழ்வோரின் பெயர்ப் பட்டியலொன்று தயாரிக்க வேண்டும். யாருக்கு அடையாள அட்டை இல்லை, யாருக்குச் சேமலாப நிதிக் கணக்கிலே பெயர் பிழை, யார் நிவாரணத்துக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும் என்பன அதிலே எழுதப்பட வேண்டும். ஐந்தாறு தனியாட்கள் சேர்ந்து அரிசியும் மாவும் மூடையாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் சில்லறை விலையின் நட்டம் குறையும். நோயுற்ற நாளிலே ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொள்ள ஒரு முறை ஏற்படுத்தலாம். கோயில் கமிட்டியார் தனியாள் வீட்டுக்கு அரை வரி என்று தீர்மானித்தால் தெய்வம் கோபிக்கப்போவதில்லை. சிக்கனம் போதிக்க விரும்புவோர்க்கும் இதோ வேலை இருக்கிறது. தனித்தனியே வயிற்றைச் சுருக்கச் சொல்வதை விடுத்து, சேர்ந்து வாங்கக் கற்றுக்கொடுக்கட்டும், வரவேற்போம்.

தனிமரம் தோப்பாகாது என்பது பழமொழி. உண்மைதான். ஆனால் தோப்பாகவில்லை என்பதற்காகத் தனிமரத்துக்கு நீர் ஊற்றாது விடுகின்ற தோட்டக்காரன் உண்டா?

அந்த அம்மையாரின் வீட்டு விண்ணப்பத்தை மீண்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம். "குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை" என்ற இடத்திலே என்ன எழுதுவது என்று அவர் தயங்கினார். "ஒன்று என்று எழுதுங்கள் அம்மா; அதுவும் ஓர் எண்தான்" என்றோம். எழுதினார். அந்த ஒன்றை எண்ணத் தெரிந்த அரசாங்கமும், அந்த ஒன்றை எண்ணத் தெரிந்த சங்கமும் இந்த மலையிலே உண்டு என்று மெய்ப்பிப்பது இனி நமது கடன்.